ரிக்ஸ் கல்லூரிப் பயில்வான்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். சின்னவளுக்கு வேலை உறுதியாகிவிட்டது, இனி நான் கொஞ்சம் மூச்சு விடலாம். நீ பயிற்சி கொடுத்த கல்லூரியில் குஸ்தி அணியைக் கலைத்துவிட்டார்கள் என்று படித்தபோது வயிறு எரிந்தது. 'அமெரிக்காவாக இருந்தால் இப்படிச் செய்வார்களா?' என்று கேட்டிருந்தாய். செய்வார்கள் மாப்பிள்ளை. ஒலிம்பிக் தங்கம் வென்றவர் படித்த கல்லூரியிலேயே செய்தார்கள்.

ருலான் கார்ட்னரை ஞாபகம் இருக்கிறதா? 2000 சிட்னி ஒலிம்பிக் குஸ்தியில் ரஷ்யாவின் கரேலினைச் சாய்த்தவர். வயோமிங் மாநிலத்தில் ஆஃப்டன் என்ற சிற்றூர். பால் பண்ணைக் குடும்பம். ஒன்பது பிள்ளைகளில் கடைசி. படிப்பு சுலபத்தில் ஏறாது. பள்ளி முடித்ததும் அவர் போய்ச் சேர்ந்தது ஐடஹோ மாநிலம் ரெக்ஸ்பர்க்கில் இருந்த ரிக்ஸ் கல்லூரி. மார்மன் திருச்சபை நடத்தியது, இரண்டு ஆண்டுப் படிப்பு மட்டும்தான். இப்படிப்பட்ட இரண்டாண்டுக் கல்லூரிகளை அங்கே ஜூனியர் கல்லூரி என்பார்கள். 1991இல் ஜூனியர் கல்லூரிகளுக்கான தேசியக் குஸ்திப் போட்டியில் ஹெவிவெயிட் பட்டம் அவருக்கு. அதன் பிறகுதான் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம். அங்கே முதலிடம் வரவில்லை, 1993இல் பல்கலைக்கழகங்களுக்கான தேசியப் போட்டியில் நான்காவதுதான்.

கரேலின் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1988, 1992, 1996 மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம். 13 ஆண்டுகள் சர்வதேசப் போட்டிகளில் தோற்றதே இல்லை. 130 கிலோ ஆளைத் தரையிலிருந்து அப்படியே தூக்கி எறிவார். 1997இல் கார்ட்னரே 5-0 என்று அவரிடம் அடி வாங்கியிருந்தார். சிட்னியில் முதல் சுற்றில் இருவருக்கும் புள்ளி இல்லை. அன்றைய விதிப்படி இரண்டாம் சுற்றை நெஞ்சோடு நெஞ்சு கட்டிப் பிடித்துத் தொடங்க வேண்டும். பிடி முதலில் யாருக்கு அவிழ்கிறதோ எதிராளிக்கு ஒரு புள்ளி. அவிழ்ந்தது கரேலினின் கை! அந்த ஒற்றைப் புள்ளியை கூடுதல் நேரம் வரை கார்ட்னர் காப்பாற்றினார். 1-0. வித்தை காட்டி ஜெயிக்கவில்லை, நகராமல் நின்று ஜெயித்தார். எனக்கு அதுதான் பிடித்தது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தங்கம் செப்டம்பரில். அதே ஆண்டு ஜூனிலேயே, ரிக்ஸ் நான்கு ஆண்டுக் கல்லூரியாக மாறும், வெளிக் கல்லூரிகளோடு மோதும் விளையாட்டுகள் படிப்படியாக நிறுத்தப்படும் என்று அறிவித்தாகிவிட்டது. மாணவர்கள் தங்களுக்குள் விளையாடிக்கொண்டால் போதுமாம். 2001இல் பெயர் பி.ஒய்.யு.-ஐடஹோ (பிரிகாம் யங் பல்கலைக்கழகம்-ஐடஹோ) ஆனது, 2002க்குப் பிறகு எந்த அணியும் இல்லை. அதே திருச்சபையின் பெரிய பல்கலைக்கழகம் யூட்டாவில் இருக்கிறது. அங்கேயும் குஸ்தியை 2000 பருவத்தோடு முடித்தார்கள். தங்கம் வந்தும் மனசு மாறவில்லை பார்.

இனிப் பதக்கம் வராமல் போகுமே என்று நான் கவலைப்படவில்லை. கனத்த உடம்புக்காரர்கள் தாமதமாகத்தான் தேறுவார்கள், அது உனக்கே தெரியும். பதினெட்டு வயதில் அவர்களைப் பெரிய பல்கலைக்கழகம் திரும்பிப் பார்க்காது, மதிப்பெண்ணும் இடிக்கும். இரண்டு வருஷம் சோறும் குஸ்திப் பாயும் கொடுத்துத் தேற்றி அனுப்ப ஓர் இடம் வேண்டும். குஸ்தியிலிருந்து சண்டைப் போட்டிகளுக்குப் போன பிராக் லெஸ்னரைப் பார். அவரும் பால் பண்ணைப் பிள்ளைதான், தெற்கு டகோட்டா. பிஸ்மார்க் ஸ்டேட் கல்லூரிக்காக 1998இல் ஜூனியர் கல்லூரிப் பட்டம், அப்புறம் மினசோட்டா போய் 2000இல் பல்கலைக்கழகச் சாம்பியன். 2010இல் யு.எஃப்.சி. என்ற கலப்புச் சண்டைப் போட்டியின் ஹெவிவெயிட் பட்டத்தை அவரிடமிருந்து முதல் சுற்றிலேயே பறித்த கேன் வெலாஸ்கெஸும் அயோவாவில் இப்படி ஓர் இரண்டாண்டுக் கல்லூரியில் தேறியவர். ஆஃப்டனில் இன்று இன்னொரு கார்ட்னர் வளர்ந்தால் ரெக்ஸ்பர்க்கில் அவனுக்குப் பாய் விரிக்க ஆள் இல்லை. உன் கல்லூரிப் பிள்ளைகளும் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.

அதனால் நிர்வாகத்திடம் மனு கொடுக்கும்போது பழைய பதக்கப் பட்டியலை முதலில் நீட்டாதே. இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிற பையன்கள் எங்கே போய்ப் பயிற்சி எடுப்பார்கள் என்று கேள். பதில் என்ன வந்தது என்று எழுது. பொங்கலுக்கு வருகிறேன், நேரில் பேசலாம்.

உன் மச்சான்