அம்மாவின் 43 கோப்புகள்

அங் மோ கியோ, சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பா,

போன வாரம் பேசும்போது, "இன்னுமா அப்பா விண்டோஸ் பத்தையே வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாய். அது அக்கறையில் வந்த கோபம் என்று எனக்குத் தெரியும். ஆனால் காரணத்தைத் தொலைபேசியில் கோவையாகச் சொல்ல வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வருகிற சனிக்கிழமை விண்டோஸ் 11 போடப்போகிறேன். இத்தனை மாதம் ஏன் தள்ளிப்போட்டேன் என்பதை நீ முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ சொன்னதில் தவறே இல்லை. விண்டோஸ் 10க்கு வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றன. கணினி என்னவோ மறுநாளும் வழக்கம்போல் திறந்தது, எழுதியது, அச்சடித்தது. அதனால்தான் பலருக்கு ஆபத்து கண்ணில் படுவதில்லை. 2017 மே மாதம் 'வானாகிரை' என்ற மீட்புப்பண நச்சுநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் பரவியது உனக்கு நினைவிருக்கும். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போடாமல் விட்ட கணினிகள்தான் பெரும்பாலும் பூட்டிக்கொண்டன. பிரிட்டனில் அறுவை சிகிச்சைகளையே தள்ளிவைத்தார்கள். நம் ஊரிலும் ஒரு கடைத்தொகுதியின் வழிகாட்டித் திரையில் கடைப் பெயர்களுக்குப் பதிலாகப் பணம் கேட்கும் மிரட்டல் தெரிந்தது. மறுவருஷம் சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவமனைக் குழுமத்தின் கணினிகளில் ஊடுருவல். 1.5 மில்லியன் பேரின் விவரங்கள் போயின, அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரமும் அதில் இருந்தது. ஒரு கணினியில் இருந்த மின்னஞ்சல் மென்பொருளுக்குத் திருத்தம் போடாமல் விட்டிருந்ததை விசாரணைக் குழு எடுத்துச் சொன்னது. என் மசேநி (மத்திய சேமநிதி) கணக்கு, வங்கிக் கணக்கு, வரி எல்லாவற்றையும் நான் இதே கணினியில்தான் பார்க்கிறேன். ஆகவே மாறத்தான் வேண்டும் என்பதில் எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம் இருந்ததில்லை.

என்னைத் தடுத்தது அம்மாவின் கதைகள்.

நீ சின்னவளாக இருந்தபோது, அச்சகத்தில் வேலை முடித்துவிட்டு நான் ராத்திரி வீட்டில் தட்டச்சு செய்வதைப் பார்த்திருப்பாய். கல்யாணப் பத்திரிகை, கோயில் விழா மலர் என்று வெளிவேலை நிறைய வரும். அவற்றுக்கு நடுவே அம்மா பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதிய கதைகளையும் குட்டி நாடகங்களையும் அடித்து வைப்பேன். அவள் சமையல் மேசையில் உட்கார்ந்து வாசிப்பாள், நான் விசைகளைத் தட்டுவேன். 2003ல் கணினி மெதுவாகிவிட்டது என்று ஒரு கடையில் கொடுத்தோம். அவர்கள் எங்களைக் கேட்காமலே எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்தார்கள். 20 கதைகள் அதோடு போயின. அம்மா அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, ஞாபகத்தில் இருந்ததை ஒரு பள்ளி நோட்டில் எழுத ஆரம்பித்தாள். 6 கதைகள்தான் திரும்பி வந்தன. அதற்குப் பிறகு 'அப்டேட்' என்று எந்தத் திரையில் பார்த்தாலும் எனக்கு அந்த நோட்டுதான் கண்முன் வரும்.

திரும்ப எழுதியவை, பிறகு வந்தவை எல்லாம் சேர்த்து 43 கோப்புகள். பெரும்பாலானவை பழைய எழுத்துருவில் அடித்தவை. அந்தக் காலத்தில் கணினிக்குத் தமிழ் தெரியாது பாப்பா. ஆங்கில எழுத்துகள் இருக்கவேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி எழுத்துரு செய்தார்கள். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலம்தான், நம் கண்ணுக்கு மட்டும் தமிழ். ஒவ்வொருவர் எழுத்துருவும் ஒவ்வொரு விதம். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்தான் தெரியும். இதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவர முதலில் பாடுபட்டவர்களில் நம்மூர் நா. கோவிந்தசாமி ஒருவர். 'கணியன்' என்ற தமிழ் மென்பொருளைச் செய்தவர், நல்ல சிறுகதைக்காரர். 1997 மே மாதம் இங்கே நடந்த முதல் தமிழிணைய மாநாடு அவர் முயற்சியில் நடந்தது. 1999ல், இன்னும் செய்ய எவ்வளவோ இருக்கும்போதே, இறந்துவிட்டார். இன்று நீ எடின்பரோவில் உட்கார்ந்து கைத்தொலைபேசியில் எனக்குத் தமிழில் செய்தி அனுப்புவதற்குப் பின்னால் அப்படிப்பட்டவர்களின் உழைப்பு இருக்கிறது. அவரைப் பற்றி உனக்கு நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் அச்சகத்தில் நாங்கள் பயன்படுத்திய தட்டச்சு மென்பொருள் 1990களின் தொடக்கத்தில் வந்த 16 பிட் மென்பொருள். 32 பிட் விண்டோஸில் மட்டும்தான் அது ஓடும். 64 பிட் விண்டோஸ் அதைத் தொடவே தொடாது. அதற்காகத்தான் 2019ல் புதுக் கணினி வாங்கியபோதும் 32 பிட் விண்டோஸ் 10 வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். 8 ஜிபி நினைவகம் இருந்தும் 4 ஜிபிக்கு மேல் அதனால் பயன்படுத்த முடியாது. அம்மாவின் கோப்புகள் திறந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

நவம்பரில் பக்கத்து வீட்டு மக்சிக்கின் (மலாய்க்கார அத்தையின்) மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணினி படிக்கிறான், பொறுமையான பையன். என்னைப் பாக்சிக், அதாவது மாமா, என்றுதான் கூப்பிடுவான். அவன் பார்த்துவிட்டுச் சொன்னான்: "பாக்சிக், பட்டனை அழுத்தி இதை மாத்த முடியாது. பதினொன்றில் 32 பிட்டே இல்லை." அதாவது நீ நினைத்தபடி இருப்பதன் மேலேயே ஏற்றுகிற வேலை இல்லை இது. வட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். நல்ல வேளையாக, இன்டெல் எட்டாம் தலைமுறைச் சில்லு என்பதால் தகுதிப் பட்டியலில் என் கணினி இருக்கிறது. பதினொன்று கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் உள்ளே இருக்கிறது. கணினி திறக்கும்போதே ஓடுகிற பயாஸ் என்ற அடிப்படை அமைப்பில் அதை அணைத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். உன் மடிக்கணினி மாதிரி மேலேயே ஏற்றினால், பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம். துடைத்துப் போட்டால் அந்த வழி கிடையாது. 'துடைத்து' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. அன்று அவனிடம் "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆனால் சும்மா இருக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் கூடுதலாக ஒரு வருஷத்துக்குத் திருத்தங்கள் தருகிற ஏற்பாடு ஒன்று வைத்திருக்கிறது. கணினியின் அமைப்புகளை அவர்கள் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டால் காசு இல்லை, இல்லையென்றால் 30 அமெரிக்க டாலர். அதில் சேர்ந்துவிட்டேன். 2026 அக்டோபர் 13 வரை மூச்சு விடலாம். உன்னிடம் இதை அப்போதே சொல்லியிருந்தால் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டாய். அது என் தவறு.

அந்த அவகாசத்தில்தான் 43 கோப்புகளையும் யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறைக்கு, மாற்றினேன். மாற்றித் தரும் மென்பொருள் இருக்கிறது, ஒரு நொடி வேலைதான். பிழை திருத்தத்தான் ராத்திரிகள் போயின. பழைய முறையில் 'கொ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தட்டுவோம். யூனிகோடில் ககரம் முதலில், குறி அதன் பின்னால். மாற்றும்போது அங்கங்கே கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் கழன்று நின்றன. அவசரத்தில் காலுக்குப் பதில் ரகரத்தைத் தட்டிய இடங்கள் நிறைய. தாளில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, தேடினால் அந்தச் சொல் அகப்படாது. ஔவையார் எல்லா இடத்திலும் ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்து கிடந்தாள். முப்பது வருஷம் மெய்ப்புப் பார்த்த கண், அதனால் ஒன்றையும் விடவில்லை. ராத்திரிக்கு இரண்டு பக்கம், மூன்று பக்கம். பக்கத்தில் அவள் வாசிக்கிற மாதிரியே இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நின்றுவிட்டேன். அம்மா எப்போதும் 'கோப்பி' என்றுதான் எழுதுவாள். நான் அடிக்கும்போது 'காப்பி' என்று மாற்றிவிடுவேன். அது எழுத்து வழக்கு இல்லை என்று அவளோடு வாதாடியிருக்கிறேன். "பிள்ளைங்க கடையில கோப்பின்னுதான் கேக்குதுங்க, கதையில மட்டும் ஏன் காப்பி குடிக்கணும்?" என்பாள். அந்தப் பள்ளி நோட்டை எடுத்துவைத்து ஒப்பிட்டுப் பார்த்து, நான் மாற்றிய 11 இடத்திலும் 'கோப்பி' என்றே திருத்தியிருக்கிறேன். அவள் சொன்னதுதான் சரி.

இப்போது எப்படித் துணிந்தேன் என்று சொல்கிறேன். ஜனவரியில் அந்தப் பையனை மின்தூக்கியில் பார்த்தேன். முழுக் கதையையும் சொன்னேன். அவன் கேட்டான்: "ஏன் பாக்சிக் அழிக்கணும்? பழைய டிஸ்க்கைக் கழற்றி வச்சுடுங்க. புதுசா ஒண்ணு வாங்கி அதில் பதினொண்ணு போடலாம்." இவ்வளவு எளிய வழி எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாளே சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைகளுக்குப் போய் எஸ்எஸ்டி என்ற புதுவகை வட்டு ஒன்று வாங்கி வந்தேன். பழைய வட்டு இருக்கிறபடியே உறையில் போட்டு அம்மாவின் அலமாரியில் இருக்கும். அந்தப் பழைய மென்பொருள் மறுபடி வேண்டும் என்றால் அதை மாட்டி, பயாஸை முன்போல் வைத்துத் திறக்கலாம். ஒரே நிபந்தனை, அந்த வட்டு ஓடும்போது இணைய வடத்தைப் பிடுங்கிவிட வேண்டும். அதை உறையின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டேன்.

பிரதிகள் வேறு எடுத்திருக்கிறேன். இரண்டு வெளி வட்டுகள். ஒன்று என்னிடம், ஒன்று தெம்பனிஸில் உன் பெரியப்பா வீட்டில். இரண்டிலும் பழைய கோப்பு, அதன் எழுத்துரு, யூனிகோட் கோப்பு, பிடிஎஃப் என நான்கும் இருக்கின்றன. சும்மா ஏற்றியதோடு விடவில்லை. பெரியப்பாவின் கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்துப் பார்த்தேன். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு சிலருடைய ஆவணங்களை அழித்துவிட்டது என்று நிறுத்திவைத்தார்களே, அப்படிப்பட்ட நேரத்தில் கையில் வேறு பிரதி வைத்திருந்தவர்களுக்குத்தான் நிம்மதி. மூன்றாவது பிரதியை இன்றைக்கே உனக்கு அனுப்புகிறேன். அதை வெறும் இணைப்பாக விட்டுவிடாமல் இறக்கி வை. சில கோப்புகள் லதா எழுத்துருவில் இருக்கும். உன் கணினியில் வேறு மாதிரி தெரிந்தால் பயப்படாதே, விண்டோஸ் 10 காலத்திலிருந்து அது தமிழ்க் கூடுதல் எழுத்துருக்கள் என்று தனியாக இருக்கிறது, அமைப்புகளில் சேர்த்துக்கொள்ளலாம்.

உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டும். போன தடவை வந்திருந்தபோது உன் மடிக்கணினி 'மறுதொடக்கம் செய்' என்று கேட்கக் கேட்க நீ தள்ளிக்கொண்டே இருந்தாய். ஆய்வேடு எழுதுகிற அவசரம், புரிகிறது. ஆனால் அந்த ஆய்வேடு அந்த ஒரு கணினியில் மட்டுமா இருக்கிறது? இன்றைக்கே இன்னொரு இடத்தில் ஒரு பிரதி வை. பிறகு மாதாமாதம் வருகிற சின்னத் திருத்தங்களை வந்த அன்றே போடு. பெரிய மாற்றம் வரும்போது வேலை நெருக்கடி இல்லாத வாரமாகப் பார்த்துப் போடு. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே.

சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பையன் வருகிறான். அவனுக்காகக் காலையிலேயே தேக்கா சந்தைக்குப் போய் ஆட்டிறைச்சி வாங்கி வர நினைக்கிறேன், ஹலால் கடையில். மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்கிறான். எனக்கு ராத்திரி எட்டு ஆகும்போது உனக்கு மத்தியானம் பன்னிரண்டு. அப்போது அழைக்கிறேன், புதுத் திரையைக் காட்டுகிறேன்.

அதற்குள் ஒன்று செய்வாயா? 17ஆவது கோப்பைத் திற. மைனாவும் மழைமரமும் நாடகம். சமூக மன்றத்து மேடையில் நீதான் மைனா. அப்போது உனக்கு ஆறு வயது, அம்மா உனக்கு மஞ்சள் தாளில் அலகு செய்து கட்டிவிட்டாள். அந்த நாடகம் 2003ல் போனவற்றில் ஒன்று. ஞாபகத்திலிருந்து எழுதும்போது மைனா கடைசியில் மரத்திடம் சொல்கிற நாலு வரிப் பாட்டு மட்டும் அம்மாவுக்கு வரவில்லை. நோட்டில் அந்த இடத்தை வெற்றாக விட்டிருக்கிறாள், நானும் அப்படியே விட்டிருக்கிறேன். முதல் வரி மழையில் தொடங்கும் என்று ஒரு நினைவு. நீ வாரக்கணக்கில் அதை வீடு முழுக்கப் பாடிக்கொண்டு திரிந்தவள். ஒரு வரி வந்தாலும் எழுதி அனுப்பு பாப்பா, சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா