5383304 என்ற கப்பல்: பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியப்பா அவர்களுக்கு,

வணக்கம். 2023-இல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்ட ‘எம்பிரஸ்’ உல்லாசக் கப்பல், 1990-இல் ‘நார்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் அமெரிக்கப் பயணங்களுக்காக பிரான்சில் கட்டப்பட்டது என்று சொன்னேன். “பெயரும் மாறி, உடைமையாளரும் மாறி, உள்ளே இருந்ததும் மாறிய பிறகு அதே கப்பல் என்று எதை வைத்துச் சொல்வது?” என்று கேட்டீர்கள். தொலைபேசியில் நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. அந்தக் கேள்விக்கு முழுமையாகப் பதில் சொல்லக்கூடியது, 2025-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் உடைப்பதற்காகக் கொண்டு சேர்க்கப்பட்ட ‘அஸ்டோரியா’. அதன் கதையை எழுதுகிறேன்.

ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில், யோட்டாவெர்கன் தளத்தில் கட்டப்பட்டு, 1948 பிப்ரவரியில் நியூயார்க்குக்கு முதல் பயணம் போனபோது அதன் பெயர் ‘ஸ்டாக்ஹோம்’. 160 மீட்டர் நீளம். அட்லாண்டிக்கைக் கடந்த பெரிய கப்பல்களோடு ஒப்பிட்டால் சிறியதுதான். பனிக்கட்டி மிதக்கும் வடக்குக் கடல்களில் ஓட வேண்டியிருந்ததால், நம் கடற்கரையில் அணியம் என்று சொல்கிறோமே, அந்த முன்முனையை வலுவாகக் கட்டியிருந்தார்கள்.

1956 ஜூலை 25 இரவு 11 மணி கடந்து பத்து நிமிடம். அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே, மூடுபனிக்குள்ளிருந்து வந்த ‘ஆந்த்ரேயா டோரியா’ என்ற இத்தாலியப் பயணிகள் கப்பலின் வலப்பக்க விலாவை அந்த அணியம் கிழித்தது. இரு கப்பல்களும் ஒன்றையொன்று ரேடாரில் முன்னரே பார்த்திருந்தன. ஒன்று இடப்பக்கம் திரும்பியது, மற்றது வலப்பக்கம் திரும்பியது. விலகிப் போவதாக நினைத்த இரண்டும் நெருங்கிவிட்டன. ஸ்டாக்ஹோமின் பணியாளர் ஐவரையும் சேர்த்து 51 பேர் இறந்தனர். போரில் தோற்று எழுந்த இத்தாலி பெருமையோடு கடலில் விட்ட கப்பலான ஆந்த்ரேயா டோரியா, மறுநாள் காலை பத்து மணியளவில் மூழ்கியது. ஆனால் அதிலிருந்த 1,706 பேரில் 1,660 பேர் பிழைத்தார்கள் என்பதை நான் மறக்க விரும்பவில்லை. முகம் நொறுங்கிய நிலையிலும் ஸ்டாக்ஹோம் அங்கேயே நின்று, அவர்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைத் தன் மேல்தளத்தில் ஏற்றிக்கொண்டு, தானாகவே நியூயார்க் வந்து சேர்ந்தது. புரூக்ளினில் புதிய அணியம் பொருத்தினார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே மீண்டும் ஓடத் தொடங்கியது. மோதல் பற்றிய வழக்கும் தீர்ப்பில் முடியாமல் சமரசத்தில் முடிந்தது.

1960-இல் கிழக்கு ஜெர்மனி அதை வாங்கி, ‘ஃபோல்கர்ஃபிராய்ண்ட்ஷாஃப்ட்’, அதாவது மக்களினங்களின் நட்பு, என்று பெயரிட்டது. தொழிற்சங்கத்தின் வழியே தேர்ந்தெடுக்கப்பட்ட தொழிலாளர்களுக்கு அது விடுமுறைக் கப்பல். 1962 அக்டோபரில், கியூபாவைச் சுற்றி அமெரிக்கா தடுப்பு வளையம் இட்டிருந்தபோது, பயணிகளோடு வந்த இந்தக் கப்பலைத் தடுக்காமல் விடும்படி அமெரிக்க அதிபர் கென்னடி முடிவெடுத்தார். பயணத்தின் நடுவே, மேற்கு நாடுகளின் கரையைக் கண்டு கடலில் குதித்துத் தப்பியவர்களும் உண்டு; நட்பின் பெயரைத் தாங்கிய கப்பலிலிருந்து அவர்கள் குதிக்க நேர்ந்ததை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

கால் நூற்றாண்டுக்குப் பிறகு அதை விற்றுவிட்டார்கள். ‘ஃபோல்கர்’ என்று சிறிது காலம் சும்மா நின்றது. பிறகு ‘ஃபிரிட்யோஃப் நான்சன்’ என்ற பெயரில் நார்வேயின் ஆஸ்லோவில், அடைக்கலம் தேடி வந்தவர்களுக்குத் தங்குமிடமானது. அகதிகளுக்காக உழைத்து 1922-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற நார்வேக்காரர் நான்சன். இந்தக் கப்பலுக்கு வைத்த எல்லாப் பெயர்களிலும், செய்த வேலைக்குப் பொருந்திய பெயர் இது ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

1989-இல் இத்தாலிய நிறுவனம் ஒன்று அதை வாங்கி ஜெனோவாவுக்குக் கொண்டுவந்தது. ஆந்த்ரேயா டோரியா கட்டப்பட்டதும் அதன் தாய்த்துறைமுகமும் அந்த ஊர்தான், பெரியப்பா. மூழ்கடித்த கப்பல் அங்கே வந்து நின்றபோது, ‘மரணக் கப்பல்’ என்று பத்திரிகைகள் எழுதியதில் வியப்பில்லை. அதே கப்பலுக்கு ‘இத்தாலியா பிரிமா’ என்று நாட்டின் பெயரையே சூட்டினார்கள். எந்திரங்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்து, மேல்கட்டுமானத்தை இடித்து எழுப்பி, 1994-இல் வெளியே வந்தபோது, 1948-இன் அடிக்கூடு மட்டுமே பெரும்பாலும் மிஞ்சியிருந்தது.

அதற்குப் பிந்தையவை விரைவாக வந்துபோன பெயர்கள்: வால்தூர் பிரிமா, கரிபே, அதீனா, அசோர்ஸ், அஸ்டோரியா. இவற்றில் ‘அதீனா’ 2008 டிசம்பரில் ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையர் படகுகளால் சூழப்பட்டுத் தப்பியது. 2012-இல் கடனுக்காக மார்செய் துறைமுகத்தில் அதைப் பிடித்து வைத்தார்கள். 2020-இல் கொரோனா பயணங்களை நிறுத்தியது. அதை ஓட்டிய நிறுவனமும் நொடித்தது. ராட்டர்டாமில் சில ஆண்டுகள் கட்டிக் கிடந்த பிறகுதான் கென்ட்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அணியம் 1956-இல் மாறியது, எந்திரமும் மேற்பகுதியும் பின்னர் மாறின, கொடிகளும் பெயர்களும் மாறின. மாறாதவை அடிக்கூடும் அதற்குரிய ஏழு இலக்க எண்ணும்: 5383304. பெயர், கொடி, உடைமை எது மாறினாலும் கப்பலோடு இறுதிவரை நிற்க வேண்டும் என்பதற்காகவே சர்வதேசக் கடல்சார் அமைப்பு இந்த எண் முறையை 1987-இல் ஏற்றது. முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 114 வரும். அதன் கடைசி இலக்கமான 4-தான் எண்ணின் ஏழாவது இலக்கம். தாளில் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த எண்களுக்கு மூலம் 1960-களில், கப்பல்களைப் பதிவுசெய்யும் பிரிட்டிஷ் நிறுவனமான லாய்ட்ஸ் பதிவேடு கொடுத்த எண்கள். அப்போது ஓடிக்கொண்டிருந்த பழைய கப்பல்களுக்கு, ஐந்தில் தொடங்கும் எண்களை அவற்றின் பெயர்களின் ஆங்கில அகர வரிசைப்படி கொடுத்தார்கள். அந்த வரிசையில் 5383304, ‘வி’ (V) எழுத்தின் இடத்தில் விழுகிறது. அன்று இந்தக் கப்பல், ‘ஃபோ’ என்று ஒலித்தாலும் எழுத்தில் ‘வி’யில் தொடங்கும் கிழக்கு ஜெர்மனிப் பெயரோடு ஓடியது. அழித்து அழித்து எழுதிய பெயர்களுக்குக் கீழே, அந்த மக்களின நட்பின் முதல் எழுத்து எண்ணுக்குள் ஒளிந்தபடி கடைசிவரை கூடவே வந்திருக்கிறது. அந்த எண்ணை இனி வேறு எந்தக் கப்பலுக்கும் கொடுக்க மாட்டார்கள்.

பெரியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகள்