கூழாங்கல் கழுவக் கலவை மிஷின்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டு வாசலில் அழகுக்காகக் கொட்டிய கூழாங்கல் இரண்டே மழையில் செம்மண்ணும் பாசியும் ஏறிக் கறுத்துவிட்டது. ஒரு டிராக்டர் லோடு, கையால் தேய்த்து மாளவில்லை. ஆசிட் ஊற்றச் சொன்னார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள், சுண்ணாம்புக் கல் என்றால் நுரைத்துப் பளபளப்பே போய்விடும், அந்தத் தண்ணீர் ஊருணியில் கலந்தால் மீனும் மாடும் என்ன ஆவது?

கடைசியில் கொத்தனாரிடம் கலவை மிஷினை வாடகைக்கு எடுத்தோம். டிரம்மில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டிவிட்டு, பாதிக்கும் குறைவாகக் கல், மூழ்கும் அளவு தண்ணீர், இரண்டு சட்டி எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) போட்டுப் பத்து நிமிடம் சுற்றவிட்டால் கல்லோடு கல் உரசி அழுக்கு கழன்று, தண்ணீர் காவி நிறத்தில் கொட்டுகிறது. சத்தம் அதிகம், அதனால் காலை பத்து மணிக்கு மேல்தான் ஓட்டினோம். அப்புறம் மணல் சலிக்கும் சல்லடையில் சாய்த்து ஒருமுறை அலசினால் சரி. மென்மையான கல்லுக்கு மணல் வேண்டாம், கீறல் விழும்.

கழிவுநீரைக் குழியில் தேக்கினோம், சேறு அடியில் படிந்ததும் மேல்தண்ணீரையே மறுபடி ஊற்றினோம். பழைய வீடுகளை விடுதியாக்கி முற்றமெல்லாம் கல் பரப்புகிறவர்களும் இப்படியே செய்யட்டும், ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலில் மட்டும் சேற்றை விடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கானாடுகாத்தான்