ஆபீஸ் ட்ரெய்னிங் போகும் மகளுக்கு

உச்சிப்புளி,
ஐப்பசி மாதம்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், உன் நலமறிய ஆவல். அடுத்த செமஸ்டர் முழுக்க ஆபீஸ் ட்ரெய்னிங் என்று அம்மாவிடம் சொன்னாயாம். ஐந்து வருடம், பத்து செமஸ்டர் ஆர்க்கிடெக்சர் படிப்பில் தொழிலுக்குள்ளேயே நின்று பார்க்கக் கிடைப்பது அந்த ஒன்றுதான். அதனால் போனில் பேசாமல் எழுதுகிறேன். போனில் சொன்னால் அளவுகள் காதோடு போய்விடும்.

ஸ்டூடியோவில் நீ இழுக்கும் கோட்டுக்குத் தடிமன் கிடையாது. சைட்டில் ஒவ்வொரு கோட்டுக்கும் தடிமன் உண்டு, அதைச் செய்ய ஓர் ஆள் உண்டு, எது முன்னே எது பின்னே என்ற வரிசை உண்டு. நம் கரையில் உப்பும் சேர்ந்துகொள்ளும். இந்த நான்கையும் உன் கோட்டுக்குள் கொண்டுவரத்தான் இந்த ட்ரெய்னிங் என்று நினைத்துக்கொண்டு போ, தாயி.

முதலில் பில்லரை எடுத்துக்கொள். உன் பிளான்களில் பில்லரெல்லாம் 9 அங்குலச் சுவருக்குள் மறைந்து நிற்கின்றன. 230க்கு 230 மி.மீ., மிஞ்சினால் 230க்கு 300. மூலையில் துருத்தாது, கட்டில் போட இடைஞ்சல் இல்லை, பார்க்க அழகு. அதை அப்படியே நம்ம ஊருக்குக் கொண்டுவந்து கணக்குப் போட்டுப் பார். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, 2000ஆம் வருடப் பதிப்பு, கடற்காற்று நேராகப் படும் கான்கிரீட்டை ‘சிவியர்’ வகையில் வைக்கிறது. அதற்குக் கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம், 45 மி.மீ. அலைத்தூவானமே மேலே படுகிற இடம் என்றால் ‘வெரி சிவியர்’, கவர் 50. கவரை மெயின் கம்பியிலிருந்து அளக்கக் கூடாது, அதைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் வெளி விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். 230இல் இரண்டு பக்கமும் 45 போனால் மீதி 140. அதுதான் ரிங்கின் வெளியளவு. 8 மி.மீ. ரிங் இரண்டு பக்கமும் 16 எடுத்துக்கொண்டால் 124. மூலைக்கு ஒன்றாக 16 மி.மீ. கம்பி நின்றால் இடையில் 92. ஜாயின்ட் விழும் இடத்தில் ஜோடிக் கம்பி பக்கத்தில் ஒட்டி நின்றால் 60தான். அதற்குள் குறுக்கே பீம் கம்பியும் வரும். முக்கால் அங்குல ஜல்லி எப்படி இறங்கும், வைப்ரேட்டர் ஊசி எங்கே நுழையும்?

அப்போது கம்பி கட்டுகிறவர் ரிங்கை 180க்கு வளைத்துவிடுவார். கம்பிக்கு இடம் கிடைத்துவிடும், கவர் 25 ஆகிவிடும். அவரைக் குறை சொல்லாதே. பிளானில் இடம் கொடுக்காதது வரைந்தவர். முதல் ஸ்கெட்சிலேயே பில்லரை 300 என்று வை. சுவரைவிட 70 மி.மீ. வெளியே வருவது எந்தப் பக்கம் வர வேண்டும், வெளிமுகத்திலா, அலமாரிக்குள்ளா என்பதை அப்போதே முடிவு செய். அது ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர் வேலை என்று தள்ளிவைத்தால், அவர் பார்க்கும்போது பிளான் அப்ரூவலுக்குப் போயிருக்கும்.

உப்பு என்ன செய்கிறது என்று தெரிந்தால் இந்த 45ஐ யார் சொன்னாலும் நீ விட்டுக்கொடுக்க மாட்டாய். நல்ல கான்கிரீட் காரத்தன்மை உள்ளது, பி.எச். 12க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பி மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகி அதைக் காக்கும். உப்பில் உள்ள குளோரைடு போதிய அளவு கம்பி வரை போய்ச் சேர்ந்தால் அந்தப் படலம் அங்கங்கே உடையும். துருவாக மாறிய இரும்பு முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டுக்குள் இடம் ஏது? கம்பி ஓடுகிற வழியிலேயே நேர்கோடாக வெடிப்பு விடும். பிறகு சுத்தியலால் தட்டினால் பொத்தென்று சத்தம் வரும், அதன் பிறகு பாளம் பாளமாகக் கழன்று விழும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் சிக்ரி உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் வைத்துத் துருவை அளப்பது நம் மண்டபம் கேம்ப்பில்தான். தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வாடைக் காலத்தில் வடகடல். இரண்டு கடலுக்கும் நடுவில் கிடக்கிற இந்த நிலத்துண்டில் வீட்டின் எந்த முகமும் தப்பாது. சைட் அனாலிசிஸ் ஷீட்டில் நீ போடுகிற நீல அம்புக்குறி காற்றோடு உப்பையும் சேர்த்துத்தான் கொண்டுவருகிறது. சென்னையில் கடலோரத்தில் வேலை கிடைத்தாலும் இதே கணக்குதான்.

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். வீடு கட்டுகிறவருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. நம் கையில் இருப்பது கவர், இறுக்கமான கலவை, நீராற்றுதல் மூன்றும்தான். கலவைக்கு அதே ஐ.எஸ். சொல்வது எம் 30 என்ற வலிமைத் தரம், ஒரு கனமீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமெண்ட், தண்ணீர் சிமெண்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் போகக் கூடாது. 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர். அந்தக் கலவை கெட்டியாக இருக்கும், கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் சேர்க்காமல் சுலபமாக இறங்காது. மத்தியான வெயிலில், ஓடவில்லை என்று ஒருவர் ஹோஸைப் பிடித்து மூட்டைக்கு 5 லிட்டர் கூட விட்டால் அது 27.5 ஆகிவிடும். விகிதம் 0.55. அது கடற்கரைக்கு அல்ல, எந்தப் பாதிப்பும் இல்லாத, கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் வீட்டுக்குச் சொன்ன உச்ச அளவு. ஐந்தே லிட்டர் தண்ணீரில் உன் வீடு ஐ.எஸ். கணக்கில் இரண்டு படி கீழே இறங்கிவிடுகிறது. மணல் ஈரமாக இருந்தால் அதில் உள்ள தண்ணீரையும் கழிக்க வேண்டும். மழைக்காலத்தில் இதை யாரும் நினைப்பதில்லை. கான்கிரீட் அன்று மிக்சர் பக்கத்தில் நின்று, அந்த வாளி எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று நீயே அளந்து பார்த்துக்கொள்.

தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி. தாண்டினால் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஆகாது. நம் பக்கத்து போர் தண்ணீரை டெஸ்ட் செய்யாமல் தொடவே கூடாது. நீராற்றுவதற்கும் நல்ல தண்ணீர்தான். லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கிக் கலவை போட்டுவிட்டு, போர் தண்ணீரைப் பாத்தி கட்டி நிறுத்துகிறார்கள். முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்து வைத்த மாதிரிதான் அது. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்குப் பத்து நாளாவது நீராற்ற வேண்டும். பில்லருக்குச் சணல் சாக்கு சுற்றி நனைக்கச் சொல். இன்னொன்று, உப்பு இடம் என்றதும் கடைக்காரர் எஸ்.ஆர்.சி. சிமெண்டை எடுத்து நீட்டுவார். அது சல்பேட்டைத் தாங்குவதற்காகச் செய்தது. குளோரைடும் சேர்ந்து இருக்கும் இடத்தில் ஐ.எஸ். 456 அதைச் சொல்வதில்லை. இரும்பாலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்டோ பி.பி.சி.யோதான் நல்லது.

இனி சன்ஷேடு. உங்கள் டிசைனை மதிப்பிடும் ஜூரியில் எல்லோருக்கும் கத்தி விளிம்பு மாதிரி மெல்லிய சன்ஷேடு பிடிக்கிறது. நுனியில் 75 மி.மீ. என்று போடுகிறீர்கள். சன்ஷேடில் மெயின் கம்பி மேல்பக்கம். மேலே கவர் 45, அதன் கீழே 8 மி.மீ. மெயின் கம்பி, அதற்கும் கீழே 8 மி.மீ. குறுக்குக் கம்பி, மொத்தம் 61. அடியில் மிச்சம் 14 மி.மீ.தான். மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் வரை பழைய கட்டடங்களில் முதலில் உரிவது சன்ஷேடின் அடிப்பக்கம், காரணம் இதுதான். இரண்டு பக்கமும் 45 வேண்டுமென்றால் 106 ஆகிறது, 110க்குக் குறைத்து வரையாதே. தடிமன் பிடிக்கவில்லையா, கம்பியே இல்லாத வழியைத் தேடு. கடப்பா கல்லைச் சுவருக்குள் செருகலாம், ஓட்டுச் சாய்ப்பு இறக்கலாம், ஜன்னலை உள்ளே தள்ளி வைக்கலாம். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயத்தின் பவளக்கல் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. உள்ளே துருப்பிடித்து வெடிக்கக் கம்பி இல்லாத சுவர் அது. அதற்காகப் பவளக்கல்லை உன் பிராஜெக்டில் எழுதிவிடாதே. அது சட்டப்படி காக்கப்படுகிற உயிர், மன்னார் வளைகுடா 1986 முதல் தேசியப் பூங்கா. கல்லை விட்டுவிட்டு, அது எப்படி நிற்கிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்.

சன்ஷேடில் இன்னொரு கெடுதல் கான்கிரீட் அன்று நடக்கும். மேல்கம்பியை மிதித்துக்கொண்டு சட்டி தூக்குவார்கள். கம்பி கீழே இறங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, சென்ட்ரிங் பிரிக்கும்போது சுவரோடு சேரும் வேரில் வெடித்துத் தொங்கும். அதனால் மேல்கம்பியைத் தாங்கும் சேர் கம்பியை டீட்டெயிலிலேயே வரைந்து, எத்தனை அடிக்கு ஒன்று என்று எழுது. எழுதாதது சைட்டில் வராது. அடி விளிம்பில் மழைநீர் சொட்டுவதற்கான காடியையும் மறக்காமல் போடு, அந்த இடத்தில் கவர் குறையாத மாதிரி.

படிக்கட்டு மேலும் நுணுக்கமானது. வரைபடத்தில் எல்லாப் படியும் 150. கான்கிரீட்டும் அப்படியே 150 150 ஆகப் போட்டுவிடுவார்கள். பிறகு கீழ்த்தளத்தில் தரை போட 65 மி.மீ. ஏறுகிறது என்று வை. படி மேல் கிரானைட்டும் கலவையும் சேர்த்து 40. அப்போது முதல் படி 150 கூட்டல் 40 கழித்தல் 65, அதாவது 125. மாடித் தரையும் 65 ஏறுவதால் கடைசிப் படி 150 கூட்டல் 65 கழித்தல் 40, அதாவது 175. ஒரே படிக்கட்டில் 50 மி.மீ. வித்தியாசம். கால் பழகிய உயரத்தை நம்பித்தான் இறங்கும். வயசானவர்கள் தடுக்கி விழுவது இந்த மாதிரிப் படிகளில்தான். செக்‌ஷன் வரையும்போது கான்கிரீட் மட்டம் ஒரு கோடு, முடிந்த மட்டம் ஒரு கோடு என்று இரண்டாகப் போடு. இரண்டுக்கும் அளவு எழுது. கான்கிரீட்டில் முதல் படி 175, கடைசிப் படி 125 என்று எழுதிக் கொடுத்தால், தரை முடிந்ததும் எல்லாம் 150 ஆகிவிடும்.

அளவு எழுதுகிற முறையையும் கற்றுக்கொள். நீங்கள் மில்லிமீட்டரில் எழுதுகிறீர்கள், கொத்தனார் டேப்பில் அடியும் அங்குலமும் நூலும் பார்க்கிறார். அங்குலத்துக்கு 8 நூல், ஒரு நூல் சுமார் 3 மி.மீ. உன் 3600 அவருக்கு 11 அடி 9 அங்குலம் 6 நூல். அவர் அதைப் 11 அடி 9 அங்குலமாகவோ 12 அடியாகவோ தான் பிடிப்பார். நான்கு அறை வரிசையாக இருந்தால் கடைசிச் சுவர் எங்கேயோ போய் நிற்கும். அறைக்கு அறை அளவு கொடுப்பதோடு நிறுத்தாமல், ஒரே மூலையிலிருந்து தொடர் அளவும் கொடு. பிளானில் இருப்பது பூசாத சுவரின் அளவா, பூசிய பிறகா என்பதையும் எழுது. உள்பூச்சு பக்கத்துக்கு 12 என்றாலும் அறை 24 மி.மீ. சுருங்கும், ரெடிமேட் அலமாரி உள்ளே போகாது.

ட்ரெய்னிங்கில் உன்னை 3டி படம் போடவே உட்கார வைத்தால், கட்டுகிறவர்கள் கைக்குப் போகும் வொர்க்கிங் டிராயிங் வேலையும் மரியாதையோடு கேள். மூன்று நாட்கள் சைட்டுக்கு அனுப்பச் சொல். ஒன்று, தரையில் கட்டடத்தின் கோடு போடும் மார்க்கிங் நாள். 30க்கு 40 அடிக் கட்டடத்தின் மூலைவிட்டம் இரண்டும் 50 அடி இருக்கிறதா என்று டேப்பின் ஒரு முனையை நீயே பிடித்துப் பார். இரண்டாவது, கான்கிரீட்டுக்கு முந்தின நாள். கவர் பிளாக் கான்கிரீட்டின் அதே தரத்தில் வார்த்ததா, மீட்டருக்கு ஒன்றாவது இருக்கிறதா, இல்லை ஜல்லியும் ஓட்டுத்துண்டும் செருகியிருக்கிறார்களா என்று குனிந்து பார். கட்டுக்கம்பியின் முனைகள் உள்நோக்கி மடங்கியிருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு முனையும் உப்புக்கு வழி காட்டும். மூன்றாவது, சென்ட்ரிங் பிரிக்கும் நாள். சாதாரண ஓ.பி.சி. சிமெண்ட் என்றால் 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு 7 நாளும், அதற்கு மேல் 14 நாளும் நிற்க வேண்டும், மற்ற சிமெண்டுகளுக்கு அந்தக் கணக்கு மாறும். பிரித்ததும், பூசி மறைக்கும் முன் நீ அங்கே இருக்க வேண்டும். ஜல்லி தெரிகிற பொக்கைகளைப் போட்டோ எடுத்து, மேலே என்ன கம்பி நெருக்கம் இருந்தது என்று டிராயிங்கோடு ஒப்பிட்டுப் பார். பல பொக்கைகள் உன் மாதிரி ஒருவர் மேசையில் உண்டாக்கியவை.

ஒரு நோட்டுப் போடு. இடப்பக்கம் டிராயிங்கில் இருந்தது, வலப்பக்கம் கட்டி முடிந்தது, இரண்டும் ஒரே ஸ்கேலில், கையால். வித்தியாசத்துக்குக் காரணம் தெரியாவிட்டால் மேஸ்திரியிடம், “அண்ணே, இதை எந்த வரிசையில கட்டுவீங்க?” என்று கேள். “ஏன் தப்பாக் கட்டுனீங்க?” என்று கேட்டால் பதில் வராது. முதல் கேள்விக்கு அரை மணி நேரம் சொல்லித் தருவார்கள்.

சட்ட விஷயம் ஆபீஸிலேயே சொல்லித் தருவார்கள். தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளைக் கையில் வைத்துக்கொள். கடல் பக்கம் மனை என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில், அதாவது உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள், வருகிறதா என்று பிளான் போடும் முன்பே பார்த்துவிடு. 1972 ஆர்க்கிடெக்ட் சட்டப்படி, ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்யும் வரை உன் பெயருக்கு முன் ஆர்க்கிடெக்ட் என்ற பட்டத்தைப் போடக் கூடாது, விசிட்டிங் கார்டில்கூட.

தீபாவளிக்கு வரும்போது உன் போன செமஸ்டர் வீட்டுப் பிராஜெக்டைக் கொண்டு வா. பில்லரை 300 ஆக்கி, சன்ஷேடை 110 ஆக்கி, படிக்கட்டுக்கு இரண்டு மட்டக்கோடு போட்டு வை. பிளானில் எந்தெந்தக் கதவு இடம் மாறுகிறது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா