அந்த ஆல்பத்துக்காக நீ கூச்சப்பட வேண்டாம்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். பதினைந்து வயதில் என்ன பாட்டுக் கேட்டாய் என்று ஆபீஸில் யாரோ கேட்டதற்கு, அமெரிக்கப் பாப் பாடகி கேஷா பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு வேறு யார் பெயரையோ சொன்னதாகப் போனில் சொன்னாய். ‘அதெல்லாம் சும்மா குப்பைப்பா’ என்றும் சொன்னாய். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்திலேயே காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவளுடைய முதல் ஆல்பம் ‘அனிமல்’ குப்பை இல்லை. கஷ்டப்பட்டு, யோசித்து, காது கொடுத்துச் செய்த ஆல்பம் அது. இதைப் போனில் சொன்னால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

அந்தக் காலத்தை முதலில் ஞாபகப்படுத்திக்கொள். 2008 ஆகஸ்டில் பாப் பாடகி லேடி காகாவின் ‘தி ஃபேம்’ ஆல்பம் வந்தது. அடுத்த மாதமே லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய வங்கி விழுந்து அமெரிக்கப் பொருளாதாரம் ஆட்டம் கண்டது. 2009 அக்டோபரில் அங்கே வேலையில்லாதோர் விகிதம் 10 சதவீதம். அதே வருஷம் பிளாக் ஐட் பீஸ் குழுவினர் இரண்டே பாட்டுகளை வைத்துக்கொண்டு அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தில் தொடர்ந்து 26 வாரம் உட்கார்ந்திருந்தார்கள். ஊரே கையில் காசில்லாமல் ஆடிக்கொண்டிருந்த நேரம். அப்போதுதான் 2009 ஆகஸ்டில் கேஷாவின் ‘டிக் டாக்’ பாட்டு வந்தது. அந்தப் பெயரில் செயலி வருவதற்குப் பல வருஷம் முன்னால். ஒன்பது வாரம் முதலிடம். 2010 ஜனவரியில் வெளிவந்த ‘அனிமல்’ ஆல்பமும் நேராக முதலிடத்தில்தான் வந்து இறங்கியது. முதல் வாரம் விற்ற 1,52,000 பிரதிகளில் 76 சதவீதம் டிஜிட்டல் விற்பனை. அதாவது சிடி கடைக்குப் போகாமல் கணினியிலும் போனிலும் வாங்கிக் கேட்ட உன் வயசுப் பிள்ளைகள்தான் அவளைத் தூக்கி நிறுத்தினார்கள்.

விமர்சகர்கள் அவளைக் கரித்துக் கொட்டினார்கள். காகாவின் நகல் என்றார்கள், பாடவே தெரியாது என்றார்கள், குரல் முழுக்க மெஷின் என்றார்கள். இந்தக் கடைசிக் குற்றச்சாட்டுக்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த மெஷின் என் தொழில்.

குரலின் சுருதியைத் திருத்தும் ஆட்டோ-டியூன் என்ற மென்பொருள் 1997-ல் வந்தது. அதைச் செய்த ஆன்டி ஹில்டெபிராண்ட் அதற்கு முன் பூமிக்கடியில் எண்ணெய் இருக்கும் இடத்தை நில அதிர்வலைகளை வைத்துக் கண்டுபிடிக்கும் கணக்குகளைப் போட்டவர். அந்தக் கணக்கைத்தான் குரலுக்குத் திருப்பினார். அதில் சுருதியை எவ்வளவு வேகமாகத் திருத்த வேண்டும் என்பதற்கு ஒரு குமிழ் இருக்கிறது. அதை மெதுவாக வைத்தால், தொட்டதே தெரியாமல் குரல் சுருதிக்குள் வந்து சேரும். பாதிப் பாடகர்களுக்கு நாங்கள் செய்வது இதைத்தான், வெளியே யாருக்கும் தெரியாது. பூஜ்யத்தில் வைத்தால், அதாவது கொஞ்சமும் தாமதிக்காமல் உடனே திருத்தச் சொன்னால், கதை வேறு. ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிப் போகும் சாய்வு முழுக்கப் படிக்கட்டாகிவிடும். நம் கமகம் அதில் செத்தே போகும். 1998-ல் பாடகி ஷெர் ‘பிலீவ்’ பாட்டில் இதை வேண்டுமென்றே செய்தார். 2009-க்குள் எல்லோரும் செய்து சலித்து, ராப் பாடகர் ஜே-ஸீ ஆட்டோ-டியூனுக்குச் சாவு என்று பாட்டே போட்டுவிட்டார்.

எல்லோரும் குமிழைத் திருகியபிறகு கேஷா புதிதாக என்ன செய்தாள்? அவள் பாதி நேரம் பாடுவதே இல்லை, பேசுகிறாள். எகத்தாளமாக, வாயை இழுத்து, கன்ட்ரி இசைக்குப் பேர்போன நாஷ்வில் ஊரின் வாடையோடு பேசுகிறாள். அந்தப் பேச்சை மெஷின் பிடித்துச் சுரமாக்குகிறது. பேச்சு எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. சுருதி மட்டும் இரும்பு மாதிரி நிற்கிறது. மூச்சு, நாக்கு தட்டும் சத்தம், குரல் உடையும் இடம் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. ‘யுவர் லவ் இஸ் மை டிரக்’ பாட்டின் கடைசியில் இசை நின்றபிறகு அவள் சிரித்துவிட்டு, உன் தாடி பிடிச்சிருக்கு என்று யாரிடமோ சொல்வாள், ஞாபகம் இருக்கிறதா? மிக்ஸிங்கில் உட்கார்ந்தால் நாங்கள் முதலில் வெட்டுவது அந்த மாதிரி சமாச்சாரத்தைத்தான். அதை விட்டுவைத்தது ஒரு முடிவு. மெஷினுக்குள்ளே ஒரு ஆள் இருக்கிறாள் என்று காட்டுகிற முடிவு.

அப்புறம் ‘ஸ்டீஃபன்’. இதை ஹெட்ஃபோன் போட்டுக் கேள். தொடக்கத்தில் தாளமும் இல்லை, சிந்தசைசரும் இல்லை. அவள் குரலே பல அடுக்காக ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஃபோன் பண்ணாத ஒரு பையனைப் பெயர் சொல்லி அழைக்கிறது. ஒவ்வோர் அடுக்கும் தனிச் சுரம். அவற்றை ஒரே அளவில் உட்கார வைக்க, பாடுகிற ஆளுக்கு ஸ்வரஸ்தானம் கைவசம் இருக்க வேண்டும். மெஷின் உதவும், ஆனால் எந்தச் சுரத்தின்மேல் எதை வைப்பது என்று அது சொல்லித்தராது. ஸ்கிரிட்டி பொலிட்டி என்ற பிரிட்டிஷ் பாப் குழுவில் இருந்த டேவிட் காம்சனோடு சேர்ந்து அவள் எழுதிய பாட்டு அது. அந்தப் பழைய குழுவின் பாட்டுகள் பிடித்துப்போய் அவளே அவரைத் தேடிப் பிடித்திருக்கிறாள். பாடத் தெரியாதவள் என்று எழுதியவர்கள் இந்த ஒரு நிமிஷத்தைக் கேட்டார்களா என்றுதான் எனக்குச் சந்தேகம்.

அவளுடைய அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெபி செபர்ட் ஒரு பாடலாசிரியர். ஹியூ மொஃபட்டோடு சேர்ந்து அவர் எழுதிய ‘ஓல்ட் ஃப்ளேம்ஸ்’ பாட்டை கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டன் 1980-ல் பாடி, அது கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. அப்படியிருந்தும் வீட்டில் பணக் கஷ்டம்தான். தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவர். நாஷ்விலில் பாட்டு எழுதுவது ஒரு கைத்தொழில். வரிக்கு வரி கதை நகர வேண்டும், பல்லவி ஒரு தடவை கேட்டாலே வாயில் ஒட்ட வேண்டும். கேஷா அந்த வீட்டில் வளர்ந்தவள். ‘யுவர் லவ் இஸ் மை டிரக்’ எழுதியவர்களில் அந்த அம்மாவும் ஒருவர் என்பது உனக்குத் தெரியுமா? மகளும் அம்மாவும் சேர்ந்து அந்த அசட்டுக் காதல் பாட்டை எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. 2011-ல் பிரிட்னி ஸ்பியர்ஸ் பாடிய ‘டில் தி வேர்ல்ட் எண்ட்ஸ்’ எழுதியவர்களிலும் கேஷா உண்டு. அந்தப் பல்லவி எவ்வளவு எளிதாக வாயில் வருகிறது என்று பார், அது நாஷ்விலில் கற்ற கை.

உன் அம்மாவுக்கு அந்த வரிகள் பிடிக்கவில்லை. விஸ்கியில் பல் துலக்குவதாக ஒரு பெண் பாடினால் எந்த அம்மாவுக்குத்தான் பிடிக்கும்? ஆனால் நான் வேறு ஒன்றைக் கவனித்தேன். ஆண்கள் பெண்களைப் பற்றி எத்தனை காலமாக எப்படியெல்லாம் பாடினார்களோ, அதையே அவள் ஆண்களைப் பற்றிப் பாடினாள். ‘பிளா பிளா பிளா’வில் பேசிக்கொண்டே இருக்கும் ஒரு பையனை வாயை மூடு என்கிறாள். ஆண் பாடினால் குறும்பு, அவள் பாடினால் ஒழுக்கக்கேடு. அந்தக் கணக்கு எனக்கு அப்போதும் நியாயமாகப் படவில்லை. கையில் காசில்லை, இருந்தாலும் வந்துவிட்டேன் என்று பாடியவள் அவள். பணக்காரன் வீட்டுப் பார்ட்டியில் புகுந்து கலாட்டா பண்ணுவதாகவே அந்த ஆல்பத்தில் ஒரு முழுப் பாட்டு இருக்கிறது. 2010-ல் வேலை கிடைக்காமல் திரிந்த ஓர் அமெரிக்கப் பிள்ளைக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசி.

அதே வருஷம் நவம்பரில் அவளுடைய அடுத்த தொகுப்பு ‘கேனிபல்’ வந்தது. அதிலுள்ள ‘வீ ஆர் ஹூ வீ ஆர்’ பாட்டும் எடுத்த எடுப்பில் முதலிடம். அந்த சமயம் அமெரிக்காவில், தன்பாலின ஈர்ப்பு உள்ள இளம் பிள்ளைகள் கேலியும் கொடுமையும் தாங்காமல் உயிரை விட்ட செய்திகள் அடுத்தடுத்து வந்தன. அதைப் படித்துத்தான் அந்தப் பாட்டை எழுதியதாக அவள் சொல்லியிருக்கிறாள். மேலோட்டமாகக் கேட்டால் இன்னொரு பார்ட்டி பாட்டு. அந்தப் பிள்ளைகளுக்கு அது அப்படிக் கேட்டிருக்காது.

சரி, கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். ‘டிக் டாக்’கைத் தயாரித்தவர்களில் ஒருவர் டாக்டர் லூக். அவர் நிறுவனத்தில் அவள் கையெழுத்துப் போட்டபோது வயது பதினெட்டு. 2014-ல் அவர்மேல் பாலியல் வன்முறைக் குற்றம் சாட்டி வழக்குப் போட்டாள். அவர் மறுத்தார், பதிலுக்கு அவதூறு வழக்குப் போட்டார். 2023 ஜூனில் இருவரும் சமரசமாக முடித்துக்கொண்டார்கள். இதற்குப் பிறகு அந்தப் பழைய ஆல்பங்களைக் கேட்பது சரியில்லை என்று சிலர் நினைக்கிறார்கள், உன் கூச்சத்தில் இதுவும் கொஞ்சம் இருக்கலாம். பெண்ணைப் பெற்றவன் நான், அந்தச் செய்திகளைப் படித்தபோது எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. ஆனால் அந்தப் பாட்டுகளை அவளே இன்றும் மேடையில் பாடுகிறாள். ‘டிக் டாக்’கின் முதல் வரியில், பின்னால் பாலியல் குற்றச்சாட்டுகளில் சிக்கிய ராப் பாடகர் பி. டிடியின் பெயர் இருந்தது. அவரைத் தூக்கி எறிகிற மாதிரி 2024-ல் கோச்செல்லா இசை விழா மேடையில் வரியையே மாற்றிப் பாடினாள். அவை அவள் பாட்டுகள், அவள் அம்மாவும் கைவைத்து எழுதிய பாட்டுகள். அவற்றை நாமாகப் போய் இன்னொருவர் கணக்கில் எழுதிவைக்க வேண்டியதில்லை.

எனக்குக் கோபம் வருவது வேறோர் இடத்தில். 2017-ல் ‘ரெயின்போ’ வந்தது. ‘பிரேயிங்’ என்ற பாட்டில் அடிவயிற்றிலிருந்து பாடியிருப்பாள். அம்மாவின் ‘ஓல்ட் ஃப்ளேம்ஸ்’ பாட்டை டாலி பார்ட்டனோடு சேர்ந்தே பாடினாள். அருமையான ஆல்பம், மறுக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு முதல் முறையாக கிராமி பரிந்துரை வந்தது, அப்போதுதான் பெரிய மனிதர்கள் அவளைக் கலைஞர் என்று ஒத்துக்கொண்டார்கள். ஏன், ஒரு பெண் அழுதால்தான் அவள் குரல் குரலா? சிரித்தபோது அது என்ன? ‘அனிமல்’ பாட்டின் கடைசிப் பல்லவியில் அந்தக் குரல் முழுசாகத் திறந்து மேலே போகிறதே, அது ஏழு வருஷம் முன்னாலேயே அங்கே இருந்ததுதானே. பார்ட்டி பாட்டுகளைத் தாண்டி வந்தாள் என்று அவளைப் பாராட்டுகிறவர்கள், அவளுடைய பாதி உழைப்பைக் கழித்துவிட்டுப் பாராட்டுகிறார்கள். மக்களைச் சிரிக்க வைத்து ஆட வைப்பது லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் கன்சோல் முன்னால் உட்கார்ந்து பார்க்கட்டும்.

இப்போது அவளுக்குச் சொந்த நிறுவனம் இருக்கிறது. 2025 ஜூலை 4 அன்று, அமெரிக்கச் சுதந்திர தினத்திலேயே ‘பீரியட்’ ஆல்பத்தை அதில் வெளியிட்டாள். மறுபடியும் ஆட்டப் பாட்டுகள். அந்தப் பழைய எகத்தாளம் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. கேட்டபோது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இந்த வார இறுதியில் ‘அனிமல்’ பதினாலு பாட்டையும் வரிசையாகக் கேள், இடையில் தாண்டாதே. ‘ஸ்டீஃபன்’ பற்றி நான் சொன்னது சரியா என்று சொல். ‘டைனோசர்’ மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஹிட் பாட்டுகளுக்குப் பேர்போன மேக்ஸ் மார்ட்டின் கைபட்ட பாட்டு என்று தெரியும், இருந்தாலும் அந்தப் பல்லவி பள்ளிக்கூடத்துக் கேலி மாதிரி இருக்கிறது. வயசான ஆளைக் கிண்டல் பண்ணுவதால் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லாதே, அது காரணம் இல்லை. உனக்கு அது பிடிக்கும் என்று ஞாபகம். ஏன் என்று ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு வாதாடு.

அன்புடன்,
அப்பா