அந்தப் பெட்டியை எறிந்துவிடாதே

மாங்குளம்,
புரட்டாதி மாதம்.

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. முழங்கால் ஒப்பரேஷன் சரிவந்தது என்று கேட்டு எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. மனுசி முறிகண்டிப் பிள்ளையாருக்கு உன் பெயரில் தேங்காய் உடைத்துவிட்டு, வழக்கம்போலக் கச்சானும் வாங்கிக்கொண்டு வந்தா. இங்கே குறை ஒன்றுமில்லை. புழுதி விதைப்பு நடக்கிறது. டிராக்டர்கள் இரவிரவாக உழுகின்றன, மழைதான் இன்னும் இறங்கவில்லை. மூத்தவள் வவுனியாவில் படிப்பிக்கிறாள், கிழமைக்கு ஒருமுறை ரெயிலில் வந்து போகிறாள்.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு ஐயா காலமான பிறகு அவருடைய மனைவி உன்னிடம் தூக்கித் தந்த அந்தப் பெட்டியில் நாலு விளையாட்டு ரெயில் இன்ஜின் இருக்கிறது, ஒன்றும் ஓடவில்லை, குப்பைக்குப் போடலாமா என்று கேட்டிருந்தாய். போடாதே, மச்சான். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பு டாங்க் இன்ஜினும் (தண்ணீர்த் தொட்டியைத் தானே சுமக்கும் நீராவி இன்ஜின்) பச்சை இன்ஜினும் ட்ரை-ஆங் ஹோர்ன்பி என்ற ஆங்கிலக் கொம்பனியின் சாமான். அந்த இரண்டு பெயரும் சேர்ந்து பெட்டியில் இருந்தால் 1965-க்குப் பிந்திய சாமான். மூன்றாவது லீமா டீசல், இத்தாலிக்காரனுடையது. நாலாவது இந்தக் காலத்து டீசல். முதல் மூன்றும் பிழைக்கும் என்றுதான் நினைக்கிறேன். பழைய விளையாட்டு இன்ஜின் ஓடவில்லை என்றால் அது அநேகமாகச் செத்துப்போனதல்ல. யாரும் ஓட்டாமல் வைத்திருந்ததில் எண்ணெய் இறுகிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் தண்டவாளத்தில் வைத்துப் பார்க்காதே. ஓடாததற்குத் தண்டவாளம், சில்லு, வயர், காபன் (மோட்டருக்கு மின் கொடுக்கும் கரித்துண்டு), மோட்டர், பல்சில்லு என்று எதுவும் காரணமாகலாம். எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். நாங்கள் ரேடியோ திருத்திய காலத்தில் செய்தது நினைவிருக்கிறதா? யுத்தத்தில் பற்றரிக்குத் தடை இருந்த அந்த வருடங்களில் சைக்கிள் டைனமோவில் செய்தி கேட்டோம். சத்தம் வராவிட்டால் முதலில் டைனமோவைத்தான் தனியாகச் சோதிப்போம். இங்கேயும் அதே முறை. மேல்கூட்டைக் கழற்று, மோட்டரைச் சட்டத்திலிருந்து எடு, 9 வோல்ட் பற்றரியின் இரண்டு முனைக்கும் வயர் வைத்து மோட்டருக்கு நேரடியாகத் தொட்டுப் பார். சுற்றினால் மோட்டர் நல்லது, குற்றம் வேறெங்கோ. மோட்டர் இல்லாத சட்டத்தைக் கண்ணாடியில் வைத்து மெல்ல உருட்டு. ஓரிடத்தில் இறுகி மறுபடி விட்டால் சில்லுகளை இணைக்கும் பக்கத் தண்டு வளைந்திருக்கிறது, அல்லது சில்லுகள் அச்சில் திரும்பிப் போயிருக்கின்றன. இடது சில்லும் வலது சில்லும் ஒன்றுக்கொன்று 90 பாகையில் நிற்கவேண்டும். எல்லா அச்சிலும் அந்த அளவு ஒத்திருக்காவிட்டால் தண்டுகள் ஒன்றையொன்று இழுத்து முறைக்கும்.

ஒன்று முக்கியம். ட்ரை-ஆங் இரண்டையும் மோட்டரோடு வைத்துக் கையால் தள்ளி உருட்டப் பார்க்காதே. மோட்டர் தண்டில் புரியுள்ள பித்தளைத் துண்டு இருக்கிறது. அது பல்சில்லைச் சுற்றும், பல்சில்லால் அதைச் சுற்ற முடியாது. பலமாகத் தள்ளினால் பல்தான் போகும். சில்லு அசையவில்லை என்று பயந்து இன்ஜினைக் கைவிட்ட பலர் இருப்பார்கள்.

இனி மோட்டர். அந்த இரண்டிலும் இருப்பது X04 என்ற மோட்டராகத்தான் இருக்கும். திறந்த சட்டம், ஒரு காந்தக் கட்டி, கம்பி சுற்றிச் சுழலும் மூன்று முனை ஆமேச்சர், இரண்டு காபன், அவற்றை அழுத்தும் ஒரே ஒரு ஸ்பிரிங். இவ்வளவுதான் மோட்டர். மறைத்து ஒட்டியதென்று ஒன்றுமில்லை, திருத்தத் தெரிந்தவன் திருத்தட்டும் என்று எண்ணிச் செய்த சாமான். எனக்கு அதில் உள்ள மரியாதைக்கு அதுதான் காரணம். உதிரிப் பாகங்களும் உங்கள் ஊரில் இன்னும் விற்கிறார்கள்.

ஆமேச்சரின் நுனியில் மூன்று செப்புத் துண்டுகளாகப் பிரிந்த கொமியூட்டேற்றர் தெரியும். அது கறுத்திருக்கும். பஞ்சைக் குச்சியில் சுற்றி, பாமசியில் வாங்கும் ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்து, கறுப்பு வருவது நிற்கும்வரை துடை. செப்புத் துண்டுகளுக்கு இடையிலுள்ள வெடிப்பில் காபன் தூள் அடைந்து கிடக்கும். அதுதான் மூன்றையும் சேர்த்துக் கட்டி மோட்டரைச் சூடாக்குகிறது. நான் ஈர்க்கைக் கூராக்கிக் கீறி எடுக்கிறேன், உனக்குப் பல்லுக்குத்தும் குச்சி போதும். ஊசி வேண்டாம், செப்பில் கீறல் விழும். அரத்தாளும் வேண்டாம். கீறல் விழுந்த இடத்தில் அடுத்த அழுக்கு வசதியாக உட்காரும். காபன்கள் தேய்ந்து தகடு மட்டம் வந்திருந்தால் மாற்று. பாதியாவது மிச்சம் இருந்தால் விடு. எல்லாம் முடிந்து அல்ககோல் நன்றாகக் காய்ந்து, குப்பியையும் மூடிய பிறகுதான் மின் கொடு. காபனில் பொறி பறக்கும்.

அந்த ஸ்பிரிங்கைக் கழற்றும்போது கண்ணை வை. அதன் ஒரு காலில் மட்டும் சின்ன உறை போட்டிருக்கும். மின்னின் ஒரு பக்கம் சட்டத்தோடு சேர்ந்திருக்கிறது, மற்றப் பக்கம் சேரக்கூடாது என்பதற்காகத்தான் அந்த உறை. அது கருகி உதிர்ந்திருந்தாலோ, கால் மாறிப் போட்டாலோ நேரே ஷோட்டாகும். வயரின் பிளாஸ்டிக் தோலில் ஒரு துண்டு உருவிச் செருகினால் வேலை முடிந்தது.

காந்தத்தைக் கழற்றாதே. இதை இரண்டு முறை வாசி. அந்தக் காலத்து அல்நிக்கோ காந்தம், இரும்புத் துண்டுகளுக்கு நடுவில் இருக்கும்வரைதான் பலத்தோடு இருக்கும். இரும்பைப் பிரித்தாலோ, ஆமேச்சரை உருவினாலோ பலம் இறங்கிவிடும். பிறகு மோட்டர் சுற்றும், ஆனால் சுடும், மின்னைக் குடிக்கும், நாலு பெட்டி இழுக்காது. சும்மா துடைப்பதற்கு அவற்றைப் பிரிக்கத் தேவையே இல்லை. ஏற்கனவே பலமிழந்திருந்தால் இப்போது சின்ன நியோடைமியம் காந்தங்கள் அதே இடத்தில் பொருந்தும்படி கிடைக்கின்றன.

எண்ணெய் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும். தையல் மெசின் எண்ணெய், ஊசி நுனியில் தொங்கும் அளவு, மோட்டர் தண்டின் இரண்டு பக்கத்துக்கும் சில்லு அச்சுகளுக்கும் மட்டும். கொமியூட்டேற்றரில் ஒரு சொட்டும் படக்கூடாது. எண்ணெயும் காபன் தூளும் சேர்ந்து களியாகி, நீ துடைத்த வெடிப்பை மறுபடி அடைத்துவிடும். பிளாஸ்டிக் பல்சில்லுக்குப் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கிறீஸ் என்று பார்த்து வாங்கு. வீட்டில் இருக்கிறதே என்று நல்லெண்ணெய் விடாதே, நாளடைவில் பிசினாகும். தேங்காய் எண்ணெய் உன் குளிரில் உறைந்து நிற்கும். லீமாவின் சில்லில் இறப்பர் வளையம் இருக்கிறது, அதிலும் எண்ணெய் படக்கூடாது, ஊதிக் கழன்றுவிடும். சில்லின் ஓரத்தில் ஒட்டிய கறுப்பைச் சொரண்டி, மின் எடுக்கும் செப்புத் தகடுகள் சில்லில் மெதுவாகத் தொடும்படி வளைத்துவிட்டால் லீமா அநேகமாக அப்போதே எழும்பும்.

நாலாவது டீசல்தான் எனக்குக் கவலை. 'டக், டக்' என்று ஒரே சீராகக் கேட்டுப் பிறகு நின்றுவிடுகிறது என்கிறாய். சில்லு ஒரு சுற்றுக்கு ஒருமுறை அந்தச் சத்தம் வந்தால் பல்சில்லு வெடித்திருக்கிறது. இரும்பு அச்சில் இறுக்கி ஏற்றிய பிளாஸ்டிக், வயது போகப்போகப் பிளக்கிறது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் மயிர் போன்ற கோடு தெரியும். பசை போட்டு ஒட்டாதே, பிடிக்காது. புதிதுதான் வாங்கவேண்டும்.

சட்டங்களின் அடியையும் வெளிச்சத்தில் பார். வார்ப்பு உலோகம் சில இடங்களில் ஊதி, சிறு வெடிப்புகள் பின்னல் பின்னலாகத் தெரிந்தால் அது துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்து வந்த நோய். அதற்கு மருந்தில்லை, ஈரமும் சூடும் அதை விரைவுபடுத்தும். அப்படி ஏதும் இருந்தால் எனக்கு அனுப்பாதே, மாரி மழையில் இங்கே தூளாகிப்போகும். அப்புறம், அந்தப் பெட்டிக்குள் பஞ்சு போன்ற ஸ்பொஞ் இருக்கிறதே, அதை முதல் வேலையாக எறி. பழசாகிப் பிசுபிசுத்து வர்ணத்தைத் தின்னும். மெல்லிய காகிதத்தில் சுற்றி வை.

உன் மருமகன் டிஜிட்டல் ஆக்கலாம் என்கிறானாம். லீமா, ட்ரை-ஆங் இரண்டிலும் கைவைக்கவேண்டாம் என்று சொல். சட்டத்தோடு ஒட்டிய காபனைப் பிரித்துத் தனிமைப்படுத்தாமல் டிக்கோடர் (டிஜிட்டல் கட்டளையை வாங்கி மோட்டரை ஓட்டும் சின்ன சேர்க்கிட்) பூட்டினால் அது புகைந்துவிடும். பழையதைப் பழையதாக 12 வோல்டில் ஓட விடலாம்.

இங்கே என் வேலை மெதுவாகத்தான் போகிறது. சோலர் பற்றரி 12 வோல்ட் என்று சொன்னாலும் வெயில் ஏறினால் 14-ஐத் தாண்டுகிறது. அதனால் நேரே கொடுப்பதில்லை, இறக்கிக் கொடுக்கும் சேர்க்கிட் ஒன்றும் ஒரு அம்பியர் பியூசும் இடையில் வைத்திருக்கிறேன். பியூஸ் இல்லாமல் பற்றரியை விளையாட்டுத் தண்டவாளத்தில் தொடவே கூடாது, ஒரு ஷோட்டில் வயர் சிவந்துவிடும். இரும்புத் தண்டவாளங்கள் மாரியில் துருப்பிடிக்கின்றன, நிக்கல் கலந்தது தாங்குகிறது. பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்த்தால் போதும். புழுதிக் காலத்தில் ஒவ்வொரு முறையும் ஓட்டுமுன் துடைக்காவிட்டால் இன்ஜின் விக்கி விக்கி நிற்கும்.

நான் M2 ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். 1954-இல் கனடா கொழும்புத் திட்டம் என்ற உதவித் திட்டத்தில் தந்த டீசல், ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று அவர்களுடைய மாகாணப் பெயர்களோடு வந்ததே, அதேதான். சின்ன வயதில் நாங்கள் சிலிப்பர் கட்டையில் உட்கார்ந்து பெயர் வாசித்த இன்ஜின்கள். மேல்கூடு பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டியாகிவிட்டது. சிக்கல் அடியில்தான். எங்கள் தண்டவாளத்தின் அகலம் 1676 மில்லிமீற்றர். 76-இல் ஒன்றாகக் குறைத்தால் 22 வரும். கடையில் கிடைக்கும் சட்டமெல்லாம் 16.5. ஆங்கில இன்ஜினுக்கே அது ஒடுக்கம், அவர்களுக்கு 18.83 வேண்டும். அந்தக் காலத்து மோட்டர் சின்ன உடம்புக்குள் அடங்காததால் உடம்பை மட்டும் பெரிதாக்கி, தண்டவாளத்தை விட்டுவிட்டார்கள். எங்கள் அகலப் பாதை இன்ஜினை அதில் ஏற்றினால் கால் ஒடுங்கிப் பார்க்கவே சகிக்கவில்லை. அதனால் நீண்ட அச்சு போட்டு 22-க்கே கட்டுகிறேன். தண்டவாளமும் நானே ஈயம் ஒட்டிப் பதிக்கவேண்டும். கனக்க வேலைதான், ஆனால் இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

ஏன் என்று நீ கேட்கமாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன். 1990-இல் யுத்தத்தால் கொழும்பு-யாழ்ப்பாணம் ரெயிலான யாழ்தேவி நின்றது. பிறகு தண்டவாளமும் கட்டைகளும் பங்கருக்கு, அதுதான் பதுங்கு குழிகளுக்கு, போயின, பாதை இருந்த இடத்தில் பற்றை வளர்ந்தது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு மறுபடி ரெயில் வந்தபோது இருபது வயதான பிள்ளைகள் வாழ்க்கையில் முதன்முதலாக ரெயில் பார்த்தார்கள். அடுத்த ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை போனது. எல்லாம் புதுத் தண்டவாளம், கொங்கிறீற் சிலிப்பர், புது ஸ்ரேசன். வந்ததில் எனக்கு நிறைந்த சந்தோசம். ஆனால் பழைய பாதையில் என்ன ஓடியது, எப்படி இருந்தது என்று காட்ட இங்கே ஒரு துண்டு இரும்பு கூட மிச்சமில்லை. மேசை நீளத்துக்காவது அந்த மாங்குளம் ஸ்ரேசனைச் சரியான அளவில் வைக்கவேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன். பின்னேரங்களில் இரண்டு பெடியங்கள் வருகிறார்கள். ஒருவன் ஏற்கனவே ஈயம் ஒட்டுவதில் என்னைவிடக் கை சுத்தம். காபன் மாற்றிய மோட்டர் அவன் கையில் முதல் தடவை சுற்றியபோது பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கத்தினான்.

உன்னிடம் கேட்பது இதுதான். கறுப்பு டாங்க் இன்ஜினை நீயே திருத்து, பெடியன்கள் பார்க்க வீடியோ எடு. லீமாவை, திருத்தினாலும் திருத்தாவிட்டாலும், எனக்கு அனுப்பு. அதன் மோட்டர் பெட்டியை M2-க்கு அடியில் வைக்க முடியுமா என்று பார்க்கவேண்டும். அதற்கு முன் சில்லின் விட்டத்தையும் இரண்டு அச்சுக்கும் இடையிலான தூரத்தையும் மில்லிமீற்றரில் அளந்து எழுது. அக்காவின் மகன் தைப்பொங்கலுக்கு வருகிறான் அல்லவா, அவனிடம் X04 காபன் சில சோடியும், ஸ்பிரிங்குகளும், பிளாஸ்டிக்குக்கான கிறீஸ் ஒரு குழாயும் கொடுத்துவிடு. புது இன்ஜின் ஒன்றும் வாங்கிச் செலவழிக்காதே.

மனுசி உனக்கு ஒடியல்மாவும் புழுக்கொடியலும் கட்டி வைத்திருக்கிறா, அவன் திரும்பும்போது கொண்டுவருவான். அளவுகளை மறக்காமல் எழுது.

இப்படிக்கு,
உன் பழைய ரேடியோக் கூட்டாளி