இலையுதிர்காலத்துக்கு ஏங்கும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

செப்டம்பர் வந்தால், குளிர்நாட்டு இலையுதிர்காலத்தை நினைத்து உனக்கு மனசு அலைபாயத் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்கோ நீ எதற்கு ஏங்குகிறாய் என்றே புரியாது. பிறந்தது முதல் அவர்கள் அறிந்தது நீ இப்போது இருக்கும் ஊரின் வெயிலும் புழுக்கமும்தான். ஏசியை 18-இல் வைத்தால் அந்தப் பருவம் வீட்டுக்குள் வந்துவிடாது. உனக்கு வேண்டியது குளிரைவிட முக்கியமாக உலர்ந்த காற்று. வியர்வை தோலில் தேங்காமல் காய்ந்துபோவதுதான் அந்த நாட்களின் சுகம்.

ஓர் ஈரப்பதமானி வாங்கி, ஏசி காற்று நேராகப் படாத இடத்தில் மாட்டு. ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் 26 டிகிரியே இதமாக இருக்கும். 75-ஐத் தாண்டினால் 23-லும் நசநசக்கும். ஏசியில் ஈரத்தைக் குறைக்கும் ‘ட்ரை’ முறையைப் போட்டுப் பார். அறைக்கு மிஞ்சிய திறனுள்ள ஏசி என்றால் சட்டென்று குளிர்வித்துவிட்டுக் கம்ப்ரசர் நின்றுவிடும். ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைக்காது. சில்லென்று இருக்கும், பிசுபிசுப்பு மட்டும் போகாது. ஏர்கூலர் வேண்டவே வேண்டாம், அது காற்றில் ஈரத்தைத்தான் சேர்க்கும். வாசனைக்காகப் பட்டையும் கிராம்பும் போட்டு மணிக்கணக்கில் தண்ணீரைக் கொதிக்க விடுவதும் அதே வேலையைத்தான் செய்யும்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிது வெளிச்சம்தான். குளிர்நாட்டில், 50 டிகிரி வட அட்சரேகையில், செப்டம்பர் கடைசியில் பகல் நாளுக்குக் கிட்டத்தட்ட 4 நிமிடம் குறையும். நீ இருக்கும் 10 டிகிரியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே உள்ள வித்தியாசமே ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மாலை சுருங்குவது அங்கே யார் கண்ணிலும் படாது. இருந்தாலும் சூரியன் தெற்கே நகரும் வேகம் இரண்டு இடத்திலும் ஒன்றே: அந்த வாரங்களில் நாளுக்குச் சுமார் 0.4 டிகிரி.

இதைப் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்டலாம். மேற்குப் பார்த்த ஜன்னல் கண்ணாடியில் வட்டமான காகிதம் ஒன்றை ஒட்டு. விட்டம் 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது. குறைந்தால் தூரத்துச் சுவரில் நிழல் மங்கிக் காணாமல் போகும். அஸ்தமனத்துக்கு முக்கால் மணி முன்பாக ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை அதே மணிக்கு நிழலின் நடுவை எதிர்ச்சுவரில் பென்சிலால் குறிக்கச் சொல். சுவர் 3 மீட்டர் தள்ளி இருந்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 15 செ.மீ. வடக்கே போகும். கொஞ்சம் மேலேயும் ஏறும், சூரியன் அதே மணிக்கு முந்தைய வாரத்தைவிடத் தாழ்ந்திருக்கும் அல்லவா! மேகம் மறைத்தால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள், ஊகித்துக் குறிக்க வேண்டாம்.

பிளாஸ்டிக் இலைத் தோரணம் வாங்காதே. பிள்ளைகளுக்கு உண்மையான இலை வேண்டும், அது அங்கேயும் கிடைக்கும். வெப்பமண்டல மரங்களில் பல இலை உதிர்ப்பது குளிரால் அல்ல, வறட்சியால். அதனால் மாதம்தான் மாறும். நாட்டு வாதுமை இலை உதிருமுன் செக்கச்செவேலென்று ஆகிவிடும். விழுந்த அன்றே பொறுக்குங்கள். செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்துவதானால் முதல் சில நாட்கள் தாளைத் தினமும் மாற்று, இல்லையென்றால் அந்த ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும்.

இலை நொறுங்காமல் வளைய வேண்டுமென்றால் கிளிசரின் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு. தட்டையான பாத்திரத்தில் இலை முழுக்க மூழ்கும்படி மேலே ஒரு தட்டை வைத்து அமுக்கு. உதிர்ந்த இலை காம்பு வழியாக உறிஞ்சாது, அதனால் காம்பை மட்டும் நனைத்துப் பயனில்லை. நான்கைந்து நாளில் எடுத்து, வழித்துத் துடைத்துவிடு. அதிகம் ஊறிய இலை புழுக்கமான நாளில் துளித்துளியாகக் கசியும். சுவரிலோ துணியிலோ படாமல் வை.

அன்புடன்,
அக்கா